துளிர்விட்ட ஸ்டம்பு

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஆத்தூர் வண்டி இன்னும் கிளம்பவில்லை. அதற்குள் முந்தின இரவு ஐ.பி.எல். ஆட்டம் மறுபடியும் தொடங்கிவிட்டது. ஸ்டீயரிங் மேல் கையைப் போட்டபடி டிரைவர் சொன்னார்: "பத்தொம்போதாவது ஓவர அந்தப் பையனுக்குக் குடுத்தது தப்புங்க." படியில் நின்ற கண்டக்டர் விடவில்லை. "வேற யாருக்குண்ணா குடுக்கிறது? மத்தவங்கல்லாம் நாலு ஓவரும் முடிச்சிட்டாங்களே." முன் சீட்டில் முருங்கைக்காய்க் கட்டை மடியில் வைத்திருந்த பெரியம்மா இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். "மொதல்ல அந்தக் கேட்ச்ச உடாம இருந்திருக்கோணும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. விசில் அடித்தது, வண்டி நகர்ந்தது.

எனக்கு ஒரே சந்தோஷம். சேப்பாக்கத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்த்தவன் நான். ஆனால், ஒரு தோல்வியின் காரணத்தை இத்தனை சுருக்கமாக அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

விளையாட்டுப் பைத்தியம் பிடித்தவனுக்கு உலகமே மைதானமாகத் தெரியும். அந்தக் கண்டக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அயோத்தியாப்பட்டினம் தாண்டுவதற்குள் வண்டி நிறைந்துவிட்டது. பின்படியில் ஏறியவர் யார், முன்படியில் ஏறியவர் யார், டிக்கெட் எடுத்தவர் யார், ஓர் ஊருக்கு எடுத்துவிட்டு அடுத்த ஊர் வரை போகப் பார்க்கிறவர் யார் என்று எல்லாமே அவர் கண்ணில் இருந்தன. கூட்டத்தில் ஒரு பாட்டியின் தூக்குவாளி சரிந்தது. மூன்று பேரைத் தாண்டி நீண்ட அவர் இடது கை, அது தரையைத் தொடும் முன்னே பிடித்துவிட்டது. லெக் சைடில் போகும் பந்தைப் பாய்ந்து பிடிக்கும் விக்கெட் கீப்பருக்குக் கைதட்டுகிறோமே, அதே கைதட்டல் அவருக்கும் உரியது. நான் தட்டினேன். பாட்டி சிரித்தார்.

எதிலும் ஆட்டத்தைப் பார்க்கும் இந்தக் கண்ணை எனக்குக் கொடுத்தது வானொலி. அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. திரை இல்லாத அந்த நாள்களில் பந்து போகும் திசையையும், அதைத் துரத்தி ஓடுகிறவரின் மூச்சையும், கூட்டத்தின் எழுச்சியையும் காதால் பார்த்தோம். அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் மனதுக்குள் ஒருவர் வர்ணித்துக்கொண்டே இருக்கிறார். பால்காரர் சைக்கிளை வளைப்பதற்கும் வர்ணனை உண்டு, கல்யாணப் பந்தியில் ரசம் வருவதற்கும் உண்டு.

ஐம்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் பயணம். வாழப்பாடிக்கு முன்பே இறங்கிக்கொண்டேன். காட்டுவேப்பிலைப்பட்டியில் சேலம் கிரிக்கெட் அறக்கட்டளையின் மைதானம் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் திறந்தார்கள். அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியும் ராகுல் திராவிட்டும் வந்திருந்தார்கள். இன்று டி.என்.பி.எல். ஆட்டங்கள் இங்கே நடக்கின்றன. தொலைக்காட்சியில் பார்க்கும்போது எல்லைக்கோட்டுக்குப் பின்னால் மலைகள் தெரியுமே, அவற்றை நேரில் பார்க்கத்தான் இறங்கினேன். நான் போன நாளில் ஆட்டம் ஏதும் இல்லை. புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மைதானம் முழுக்க ஈர மண் வாசம். சுற்றிலும் வயல், தோப்பு, அதற்கப்பால் நீல மலை. நகரத்து மைதானங்களில் சிக்ஸர் போய் விழுவது நாற்காலிகளில். இங்கே கொஞ்சம் பலமாக அடித்தால் மரவள்ளிக் காட்டில் போய்த் தேட வேண்டியிருக்குமோ என்று தோன்றியது.

சேலம் மாவட்டத்துக்கு இப்படி ஒரு மைதானம் வந்ததில் எனக்கு உண்டான நிறைவுக்குக் காரணம் இருக்கிறது. இதே மாவட்டத்தின் மேற்கே, சின்னப்பம்பட்டியில், இப்படி எதுவும் இல்லாத காலத்தில் ஒரு பையன் டென்னிஸ் பந்தில் பந்துவீசிக்கொண்டிருந்தான். தந்தை தறித்தொழிலாளி. தாய் சாலையோரம் கோழிக்கறிக் கடை போட்டிருந்தார். இருபது வயதை ஒட்டித்தான் அந்தப் பையனின் கைக்குத் தோல்பந்து வந்தது. பெரிய ஆட்டக்காரர்கள் பலர் அந்த வயதில் ரஞ்சிக் கோப்பையே ஆடியிருப்பார்கள். அந்தப் பையன்தான் வேகப்பந்து வீச்சாளர் நடராஜன். ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ் அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனார். அந்த நன்றியை நடராஜன் தன் சட்டையில் சுமந்தார். 'ஜே.பி. நட்டு' என்ற பெயரில் இருக்கும் ஜே.பி. அந்த அண்ணன்தான்.

2015-இல் ரஞ்சியில் அடியெடுத்து வைத்ததுமே பந்துவீசும் முறையில் சந்தேகம் எழுந்தது. கையைத் திருத்திக்கொண்டு மீண்டும் வர வேண்டியிருந்தது. 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அப்போதும் கதவு முழுதாகத் திறக்கவில்லை. 2020-இல் ஐதராபாத் அணிக்காக ஆடியபோதுதான் நாடே திரும்பிப் பார்த்தது. அந்த நவம்பர் 6-ஆம் தேதி அபுதாபியில், 56 ரன் எடுத்து நின்ற டி வில்லியர்ஸின் காலடியில் ஒரு பந்து போய்க் குத்தியது. உலகத்தின் எந்தப் பந்தையும் எந்தத் திசைக்கும் அடிக்கத் தெரிந்த மனிதர் அவர். மட்டையை இறக்குவதற்குள் ஸ்டம்பு சாய்ந்தது. அந்தப் பந்தை நான் எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. மனசு சோர்ந்த நாள்களில் சிலர் பழைய பாட்டுக் கேட்பார்கள். நான் அந்தப் பந்தைப் பார்ப்பேன்.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. ஆனாலும் சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. வலைப்பயிற்சிக்குப் பந்துவீசத்தான் ஆஸ்திரேலியா போனார். பிறந்த குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனார். டிசம்பர் 2, கான்பராவில் ஒருநாள் போட்டி. டிசம்பர் 4, அதே ஊரில் டி20, மூன்று விக்கெட். 2021 ஜனவரி 15, பிரிஸ்பேனில் டெஸ்ட், முதல் இன்னிங்சிலேயே மூன்று விக்கெட். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா டெஸ்டில் தோற்றே அறியாத பிரிஸ்பேனின் காபா மைதானம் 19-ஆம் தேதி விழுந்தது. இந்திய நேரம் அதிகாலை ஐந்தரைக்கு ஆட்டம் தொடங்கும். அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் பால்பாக்கெட் வருவதற்கு முன்பே விளக்கெரிந்தது. ஊர் திரும்பியவரை சின்னப்பம்பட்டி சாரட்டு வண்டியில் ஏற்றி அழைத்துப்போனது. அந்த மாதம் முடிவதற்குள் அவர் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். வேண்டுதலுக்கு முடி காணிக்கை கொடுப்பது நம் வீடுகளில் எல்லோரும் செய்வது. வேகப்பந்து வீச்சாளரும் அதையே செய்தபோது அவர் எங்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டார். 2023-இல் சொந்த ஊரிலேயே மைதானம் அமைத்தார். தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார்.

இதே மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியிலிருந்து போனவர்தான் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பஸ் ஏறிக் கால் சிதைந்த பிள்ளை. காய்கறி விற்று வளர்த்த தாய். 2016 ரியோவில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிசில் வெண்கலம். மூன்று பாராலிம்பிக்கில் மூன்று பதக்கம். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். போகிற போக்கில் சொல்லிப் போகிற ஆள் அல்ல அவர்.

வாழப்பாடியில் மறுபடி பஸ் ஏறினேன். வழியில் புத்திரகவுண்டன்பாளையத்தில் முத்துமலை முருகன் சாலையிலிருந்தே தெரிவார். 146 அடி உயரம். மலேசியாவின் பத்துமலை முருகன் 140 அடி. பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடப் பையன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "மலேசியாவ விட ஆறு அடி ஜாஸ்திங்க" என்றான். ஆறு என்று சொல்லும்போது இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான், அம்பயர் மாதிரியே. அவனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

பெத்தநாயக்கன்பாளையம் தாண்டியதும் பாக்குத் தோப்புகள் வந்தன. வெயில் காய்ந்த சமவெளியில் திடீரென்று பச்சை நிழல். மெலிந்து நெடுநெடுவென்று நிற்கும் பாக்கு மரங்களைப் பார்த்தால் தேசிய கீதத்துக்கு அணிவகுத்து நிற்கும் ஆட்டக்காரர்கள் போல இருக்கும்.

ஆத்தூர் பஸ் ஸ்டாண்டில் நண்பர் காத்திருந்தார். ஜவ்வரிசி மில் ஒன்றில் கணக்கெழுதுகிறவர். கூடவே அவர் அக்கா மகன், எட்டாம் வகுப்பு. "வாங்க மாமா" என்று என் பையை வாங்கிக்கொண்டவன் முதலில் கேட்டது, "நீங்க பேட்டிங்கா, பவுலிங்கா?" சாப்பிட்டீர்களா என்று கேட்பது மாதிரி இயல்பாகக் கேட்டான். கீப்பிங் என்றேன். "நல்லதாப் போச்சு. எங்களுக்கு கீப்பர் இல்ல" என்றான்.

வசிஷ்ட நதிக்கரையில் பழைய கோட்டையைப் பார்த்தோம். கெட்டி முதலிகள் காலத்தது என்பார்கள். மைசூர்ப் படைகளும் ஆங்கிலேயரும் மாறி மாறிப் பிடித்த கோட்டை. நதியில் தண்ணீர் இல்லை. மணலும் முள்ளும் ஊர்க் கழிவுமாகக் கிடந்ததைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. இதில் நீச்சலடித்து வளர்ந்ததாக நண்பரின் அப்பா சொல்வாராம். கோட்டையை விட அந்த ஆறுதான் எனக்கு நெஞ்சில் நின்றது.

டீக்கடையில் பேச்சு 'லப்பர் பந்து' படத்துக்குப் போனது. 2024 செப்டம்பரில் வந்த அந்தப் படத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பக்கத்து இளைஞர்கள் கிரிக்கெட் பேசுவதில்லை. தமிழரசன் பச்சமுத்து இயக்கியது. 'அட்டகத்தி' தினேஷ் கெத்து என்ற மட்டையாளராகவும், ஹரிஷ் கல்யாண் அன்பு என்ற பந்துவீச்சாளராகவும் நடித்திருப்பார்கள். கெத்து விஜயகாந்தின் வெறித்தனமான ரசிகர். அவர் களத்தில் இறங்கும்போது 'பொன்மனச் செல்வன்' படத்து இளையராஜா பாட்டு ஒலிக்கும். 1989-இல் வந்த பாட்டு. விஜயகாந்த் மறைந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரத்தில் அந்தக் காட்சிக்குத் திரையரங்கில் எழுந்த சத்தத்தை நான் நேரில் கேட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் அழுதுகொண்டே விசில் அடித்தார்.

"கெத்து மாதிரி ஒருத்தரு எங்க ஊர்லயும் இருந்தாருங்க" என்றார் டீ மாஸ்டர். "ஞாயித்துக்கெழம ஆனா வீட்ல தேடக்கூடாது. அவரு சம்சாரம் சோத்துவாளிய கிரவுண்டுக்கே கொண்டாந்துரும்." இந்த 'ஒருத்தர்' தமிழ்நாட்டின் எல்லா ஊரிலும் இருக்கிறார். அதனால்தான் படம் அத்தனை பேரையும் தொட்டது. ஆட்டம் நன்றாகத் தெரிந்தும், சாதியைக் காட்டி அணிக்குள் சேர்க்காமல் வெளியே நிறுத்தப்படும் அன்புவின் வலியும் அதே அளவு உண்மை. பந்துக்கு சாதி தெரியாது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அணியைத் தேர்ந்தெடுக்கிறவருக்குத் தெரிகிறதே. அந்த இடத்தைக் கூசாமல் காட்டியதற்காகவே எனக்கு அந்தப் படத்தின் மேல் தனி மரியாதை. 'சென்னை 600028' எங்கள் தெரு கிரிக்கெட்டுக்கு முகம் கொடுத்தது. 'லப்பர் பந்து' ஊர்க் கிரிக்கெட்டின் உள்காயத்தையும் சேர்த்துக் காட்டியது.

மாலை நான்கு மணிக்கு மில்லுக்குப் போனோம்.

ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி மில்லைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரவள்ளியை இங்கே குச்சிக்கிழங்கு என்பார்கள். குச்சியை வெட்டி நட்டாலே முளைத்துவிடும். இரண்டாம் உலகப் போரின்போது மலாயா, சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோக, சேலத்தில் இந்தத் தொழில் வேர்பிடித்தது. கிழங்கைக் கழுவி, தோல் சீவி, அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிந்த மாவைக் குலுக்கிக் குலுக்கி மணியாக்குவார்கள். சூடான தட்டில் வறுத்துக் களத்தில் காயப்போடுவார்கள். அந்தக் களம்தான் விசேஷம். சிமென்ட் பூசிய, கண்ணுக்கெட்டிய வரை சமமான தரை. கிழங்கு வரத்து உள்ள நாள்களில் வெள்ளை வெளேரென்று முத்துக் கொட்டியது போலக் கிடக்கும். வரத்து குறைந்த கோடையில் களம் காலி. அப்போது அது பிள்ளைகளுடையது.

பன்னிரண்டு பேர் இருந்தார்கள். என்னையும் சேர்த்தால் ஒற்றைப்படை என்பதால் ஒருவன் 'காமன்', இரண்டு பக்கமும் ஆடுவான். விதிகளை எனக்குச் சொல்லிக் கொடுத்தான் மருமகன். ஒன் பிட்ச் ஒன் ஹேண்ட் பிடித்தால் அவுட். சுவரைத் தாண்டி அடித்தால் சிக்ஸர் கிடையாது, அவுட். பந்தும் அடித்தவனே போய் எடுத்துவர வேண்டும். சைக்கிள் நிறுத்தியிருக்கும் பக்கம் இரண்டு ரன்தான். முதல் பந்து ட்ரையல்.

அங்கே நின்று பார்த்தபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. சிமென்ட் தரையில் டென்னிஸ் பந்தைக் கொஞ்சம் குட்டையாகப் போட்டால் மார்பு உயரத்துக்கு எழும்புகிறது. மட்டையாளன் நிதானமாகத் திருப்பி இடைவெளியில் தட்டிவிடுகிறான். கொஞ்சம் நீளமாகப் போனால் ஃபுல் டாஸ். அதுவும் அவனுக்கு லட்டுதான். பந்துவீசுகிறவனுக்கு மிச்சமிருப்பது ஒரே இடம், மட்டையாளனின் கட்டை விரல். பத்து வயதுப் பையன்கூட அங்கேதான் குறி வைக்கிறான். யார்க்கர் என்ற பெயர் அவனுக்குத் தெரியாமல்கூட இருக்கலாம். "கால்லயே போடுரா" என்று கத்துகிறார்கள், அவ்வளவுதான். டென்னிஸ் பந்தில் ஆடி ஆடித்தான் யார்க்கர் கைவந்தது என்று நடராஜன் சொன்னதைப் படித்திருக்கிறேன். அதன் முழுப் பொருளும் இந்தக் களத்தில் நின்றபோதுதான் எனக்குள் இறங்கியது. கான்பரா வரை போன பந்து இப்படிப்பட்ட தரைகளில்தான் பழகியிருக்கிறது.

அடுத்து ஸ்டம்பு. சிமென்ட் தரையில் ஸ்டம்பு ஊன்ற முடியாது. அதனால் இரண்டு எண்ணெய் டின்களில் மண் நிரப்பி, ஒவ்வொன்றிலும் மூன்று குச்சி நட்டிருந்தார்கள். குச்சிக்கிழங்குக் குச்சிதான், வேறென்ன கிடைக்கும் இங்கே? டின் ஆடாமல் கனமாக இருக்க மண்ணில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவார்கள். மரவள்ளிக்கு அது போதும். மட்டையாளன் பக்கத்து ஸ்டம்பு துளிர்த்துவிட்டது. நடுக்குச்சியின் கணுவில் இரண்டு விரல் நீளத்துக்குத் தளிர், அதன் நுனியில் கை விரித்தது போல ஐந்து மடலாக இளம்பச்சை இலை. காம்பு மட்டும் செக்கச்செவேலென்று சிவந்திருந்தது. இடது குச்சியில் இன்னும் விரியாத மொட்டு. குனிந்து வெகுநேரம் பார்த்தேன். லார்ட்ஸில் இல்லை, மெல்போர்னில் இல்லை, இப்படி ஒரு ஸ்டம்பு.

"கிள்ளி எறிஞ்சிரலாம்ல?" என்று கேட்டேன்.

எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "பாவம், அது பாட்டுக்கு வளருது. எதுக்கு மாமா கிள்ளணும்?" என்றான் மருமகன். அதற்கும் ஒரு விதி வைத்திருந்தார்கள். பந்து குச்சியில் பட்டால் அவுட். இலையில் மட்டும் பட்டால் அவுட் இல்லை.

நான் அந்த டின்னுக்குப் பின்னால் கீப்பராக நின்றேன். வெயில் சாய்ந்து களத்தின் வெள்ளை, மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கடைசி ஓவர். எங்கள் அணி பந்துவீசியது. எதிரணிக்கு மூன்று பந்தில் நான்கு ரன் வேண்டும். சுவரைத் தாண்டக் கூடாது, தரையோடுதான் எடுக்க வேண்டும். மட்டையாளன் அவர்கள் அணியிலேயே பெரியவன், பத்தாம் வகுப்பு. பந்து எங்கள் மருமகன் கையில். வலது கைக்காரன்தான். ஓடிவரும்போது கழுத்து முன்னால் நீண்டு, கண் இரண்டும் ஒரே இடத்தில் நிலைத்து நின்றது.

முதல் பந்து காலடியில். மட்டையாளன் தோண்டி எடுத்தான், ரன் இல்லை. அடுத்தது கொஞ்சம் தள்ளிப் போக, சைக்கிள் பக்கம் தட்டி இரண்டு. மிச்சம் ஒரு பந்து, இரண்டு ரன். சுவர் மேல் உட்கார்ந்திருந்த இரண்டு சிறுமிகள் கரிக்கட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர்கள்தான் ஸ்கோர் எழுதுகிறவர்கள்.

மூன்றாவது பந்து நேராகக் கட்டை விரலுக்கு வந்தது. மட்டை இறங்கியது, தவறியது. என் கைக்குப் பந்து வந்து சேர்ந்தபோது அதன் மேல் ஓர் இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

"அவுட்டு!"

"இலைதான்ரா! குச்சி ஆடவே இல்ல!"

"சத்தம் கேட்டுச்சு!"

"அது மட்ட தரையில இடிச்ச சத்தம்!"

பன்னிரண்டு பேரும் டின்னைச் சுற்றி மண்டியிட்டார்கள். குச்சியில் பந்து பட்ட தடம் இருக்கிறதா என்று ஒருவன் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தான். என்னைக் கேட்டார்கள். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை, நான் இலையைத்தான் பார்த்தேன் என்றேன். கேட்டருகே கட்டிலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் தாத்தாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவர், குனிந்து, நடுக்குச்சியின் கணுவை விரலால் தடவினார். பால் கசிந்திருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"கணுவுல பட்டிருக்கு" என்றார். "ஆனா கணு குச்சியா, இலையான்னு நீங்கதான் மொதல்ல பேசி முடிவு பண்ணோணும்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கேட்டைத் தாண்டிச் சாலைக்கு வந்த பிறகும் அவர்கள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஒருவன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு டின் பக்கம் போய்க்கொண்டிருந்தான்.